மலையக மாணவர்களின் தனிநபர் மேம்பாட்டுத் திட்டம்: விரிவுரையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராதனை, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ ஆகிய பல்கலைக்கழகங்களில், கற்பித்தலோடு கல்வி ஆலோசகர் பொறுப்பும் சேர்ந்து தலையில் விழுந்தவர்களுக்காக இது எழுதப்பட்டது. திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையத்திலும், கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் கற்பிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தனிநபர் மேம்பாட்டுத் திட்டம் என்றால் என்ன?

தான் இப்போது எங்கே நிற்கிறேன், எங்கே போக நினைக்கிறேன், அதற்கு அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்பதை மாணவர் தானே எழுதி, குறித்த இடைவெளியில் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வேலை. படிப்பு, தொழில், ஆளாக வளர்வது மூன்றும் அதில் அடங்கும். பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டின் டியரிங் அறிக்கை ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முன்னேற்றக் கோப்பு வேண்டும் என்று பரிந்துரைத்த பிறகுதான் இது பல்கலைக்கழகங்களில் பரவியது. நம் நாட்டில் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு ஒரு பட்டதாரியிடம் அறிவு, திறன், மனப்பாங்கு, சிந்தனைப் போக்கு என நான்கையும் எதிர்பார்க்கிறது. விரிவுரை மண்டபம் முதலாவதைப் பார்த்துக்கொள்கிறது, இரண்டாவதில் பாதியை ஆய்வுகூடமும் ஒப்படைகளும் பார்த்துக்கொள்கின்றன. மிச்சத்துக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தத் திட்டம் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். படிவத்தை நிரப்பியதும் திட்டம் உருவாகிவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. எழுதியதை ஐந்து கிழமை கழித்து இருவரும் திரும்ப எடுத்துப் பார்க்கும் இரண்டாவது சந்திப்பு நடந்தால்தான் அது திட்டம். நடக்காவிட்டால் அது பதிவாளர் காரியாலயத்துக்கான இன்னொரு கடதாசி.

மாணவர் ஆலோசகரும் தொழில் வழிகாட்டல் அலகும் இருக்கும்போது நான் எதற்கு?

மாணவர் ஆலோசகரிடம் பிரச்சினை வந்த பிறகு போகிறார்கள். தொழில் வழிகாட்டல் அலகுக்குப் பெரும்பாலும் இறுதி ஆண்டில், சுயவிபரக்கோவை எழுதும் அவசரத்தில் போகிறார்கள். எல்லா மாணவரையும், பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலாம் ஆண்டிலிருந்தே பார்க்கக்கூடியவர் கல்வி ஆலோசகர் மட்டுமே. அவர்கள் செய்யும் வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. யாரை எப்போது யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருந்தால் போதும்.

எத்தனை தடவை சந்திக்க வேண்டும்? எனக்கு நேரமே இல்லையே.

ஆண்டுக்கு மூன்று சந்திப்பு, ஒவ்வொன்றும் 20 நிமிடம். 20 மாணவர் என்றால் ஆண்டு முழுவதற்கும் 20 மணித்தியாலம். இதற்குக் குறைத்தால் பயன் இருக்காது. கூட்டினால் நீங்களே பாதியில் கைவிட்டுவிடுவீர்கள்.

காலம் முக்கியம். முதலாவது கிழமையில் வைக்க வேண்டாம். அப்போது பதிவு, விடுதி அறை, வங்கிக் கணக்கு, சீனியர்மார் என்று மாணவரின் தலை நிறைந்திருக்கும், நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது. மூன்றாவது அல்லது நாலாவது கிழமை முதற் சந்திப்பு. எட்டாவது, ஒன்பதாவது கிழமையில் இரண்டாவது. அடுத்த செமஸ்டர் தொடங்கிய இரண்டு கிழமைக்குள் மூன்றாவது.

பெறுபேறு வந்த பிறகு மூன்றாவது சந்திப்பை வைப்போம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெறுபேறு வர மாதக்கணக்காகும் பீடங்கள் உண்டு, சந்திப்பும் அதோடு போய்விடும். தொடர் மதிப்பீட்டுப் புள்ளிகள் கையில் இருக்கும், அவற்றை வைத்தே பேசுங்கள்.

தீபாவளி, தைப்பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாளும் பிந்தைய இரண்டு நாளும் நேரம் கொடுக்காதீர்கள். அட்டன், நானுஓயா, பண்டாரவளைப் பக்கம் போகிற பிள்ளை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அலைந்து, ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு இன்னொரு வண்டி தேட வேண்டும். வராதவரைப் பொறுப்பில்லாதவர் என்று குறித்துவைப்பதைவிட, திகதியை மாற்றுவது சுலபம்.

முதற் சந்திப்பில் என்ன பேசுவது?

இலக்கைக் கேட்டுத் தொடங்காதீர்கள். "ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீங்க?" என்ற கேள்விக்கு வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாத ஒரு பிள்ளையிடம் பதில் இருக்காது. இருந்தாலும் அது மாமாவோ ரியூஷன் சேரோ சொன்ன பதிலாக இருக்கும்.

முதல் ஐந்து நிமிடம், இதுவரை எப்படி வந்தார் என்பதைக் கேளுங்கள். உயர்தரத்தில் எந்தப் பாடத்துக்கு வகுப்பு இல்லாமல் தானே படித்தார்? எதை ஒரு தடவை விட்டு மறுபடி பிடித்தார்? ஆசிரியர் பற்றாக்குறையான பாடசாலையிலிருந்து வந்த பிள்ளையிடம் இதற்குச் சொல்ல நிறைய இருக்கும். அவர் எப்படிப் படிக்கிறார் என்பது இங்கேதான் வெளிவரும், எதைச் சாதித்தோம் என்பதும் அவர் காதிலேயே விழும்.

அடுத்த பத்து நிமிடம் இப்போதைய நிலைமை. பொதுவாக "படிப்பு எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்ல சேர்" என்றுதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: "போன ரெண்டு கிழமையில எந்த லெக்சர் முடிஞ்சும் ஒன்னும் விளங்காம வெளிய வந்தீங்க?" "குறிப்பு எழுதுறீங்களா, போட்டோ எடுக்குறீங்களா?" "குப்பிக்குப் போறீங்களா? யார் செய்றது?" சீனியர்கள் நடத்தும் குப்பி வகுப்புக்கு ஒரு பிள்ளை போகாமல் இருந்தால் அதை விசாரிக்க வேண்டும். பாடம் விளங்கியதால் போகாமல் இருக்கலாம். குப்பி முழுக்கச் சிங்களத்தில் நடப்பதாலும் இருக்கலாம்.

கடைசி ஐந்து நிமிடம்தான் திட்டம். ஒரே ஒரு இலக்கு, ஒரே ஒரு முதல் அடி, ஒரு திகதி. இரண்டாவது சந்திப்பின் நாளையும் நேரத்தையும் அவர் எழுந்து போவதற்கு முன்பே இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். "பிறகு சொல்றேன்" என்று விட்டால் அவர் திரும்ப வரமாட்டார். உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதையே அவரைத் தடுக்கும்.

படிவம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கம். நான்கு கட்டம்: இப்போது எனக்கு நன்றாக வருவதும் வராததும் எவை, இந்த செமஸ்டர் முடியும்போது எதைச் செய்ய முடிய வேண்டும், அதற்கு அடுத்த ஏழு நாளில் செய்யும் முதல் வேலை, யாரிடம் அல்லது எதனிடம் உதவி கேட்பேன். நாலாவது கட்டத்தைத்தான் பலரும் வெறுமையாக விடுவார்கள். அதை நிரப்பாமல் அனுப்பாதீர்கள். உதவி கேட்பதைக் குறையாக நினைத்து வளர்ந்த பிள்ளைகள் அதிகம். ஒரு பெயரை எழுத வைத்துவிட்டால் கேட்பது பாதி முடிந்த மாதிரி.

ஆறு பக்கப் படிவம், 40 திறன்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடும் அட்டவணை எல்லாம் தர உறுதிப்பாட்டுக் குழு வரும்போது காட்ட அழகாக இருக்கும். மாணவர் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுவிட்டுப் போவார்.

எந்த மொழியில் எழுதுவது என்பதை அவரிடமே விடுங்கள். ஆங்கில மொழிமூலப் பீடமாக இருந்தாலும் இந்தப் பக்கம் தமிழில் இருக்கலாம். சொந்தக் குறையை இரண்டாம் மொழியில் எழுதச் சொன்னால் தெரிந்த சொற்களுக்குள் அடங்கும் குறைகளைத்தான் எழுதுவார்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்றால் அவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் ஒரு வரி குறித்துக்கொள்ளலாம்.

"நல்லாப் படிக்கணும்", "இங்கிலிஷ் இம்ப்ரூவ் பண்ணணும்" என்று மட்டும் எழுதுகிறார்களே?

இவை ஆசைகள். செய்தோமா இல்லையா என்று பிறகு பார்க்க வழியில்லாதது இலக்கு ஆகாது. ஆனால் "இது தெளிவில்லை, மாற்றி எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தால் நீங்கள் எதிர்பார்ப்பதாக அவர் ஊகிப்பதை எழுதித் தருவார். கேள்வி கேட்டு இறக்குங்கள்.

ஆங்கிலத்தையே எடுப்போம். எங்கே தடுக்கிறது: வாசிக்கவா, லெக்சரைக் கேட்கவா, எழுதவா, பேசவா? மலையக மாணவர் பலருக்கு வாசிப்பு மெதுவாக என்றாலும் நடக்கும், பேச்சில்தான் நின்றுவிடுகிறார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, ஆங்கிலம் பேசும் புதியவரை மட்டந்தட்டும் பகிடிவதைப் பழக்கம் சில பீடங்களில் இருப்பது. காரணம் பயம் என்றால் இலக்கண வகுப்புக்கு அனுப்பிப் பயனில்லை.

ஆகவே இலக்கு இப்படி இறங்கலாம்: "பத்தாவது கிழமை செமினாரில் கடதாசி பார்க்காமல் மூன்று நிமிடம் பேசுவேன்." முதல் அடி: செவ்வாயும் வியாழனும் மாலை 20 நிமிடம், ஒரே பெச்சில் இருக்கும் ஒரு நண்பரோடு, அன்றைய லெக்சர் ஸ்லைட் இரண்டை வாய்விட்டு விளக்குவது. போனில் பதிவு செய்து, ஒரு தடவை மட்டும் கேட்பது. இரண்டு தடவை கேட்கச் சொன்னால் தன் குரலையே வெறுத்துவிடுவார்கள். எட்டாவது கிழமைச் சந்திப்பில் உங்கள் முன்னால் ஒரு நிமிடம் பேசிக் காட்டட்டும். அதுதான் சோதனை.

சிங்களத்துக்கும் தனியாக ஒரு வரி வேண்டும். பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அறிவித்தல் பலகையும் காரியாலயக் கடிதமும் சங்கடம். விடுதியிலேயே சிங்கள நண்பர் ஒருவரோடு, நீ எனக்குச் சிங்களம் நான் உனக்குத் தமிழ் என்று கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒழுங்கு செய்யலாம். செலவில்லாதது, இரண்டு பேருக்கும் கோப்பில் எழுத ஒன்று கிடைக்கும்.

வகுப்புச் சித்தி பற்றிய இலக்கை எப்படிப் பேசுவது?

கணக்குப் போட்டுப் பேசுங்கள். நாலு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு வழக்கமான தரப்புள்ளிச் சராசரி (ஜிபிஏ) எல்லை 3.30, முதல் வகுப்புக்கு 3.70. முதலாம் ஆண்டின் 30 கிரெடிட்டில் 2.80 எடுத்த மாணவருக்கு மீதி 90 கிரெடிட்டில் சராசரி 3.47 வேண்டும். அதாவது எல்லாப் பாடத்திலும் பி பிளஸ் (3.30) போதாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏ மைனஸ் (3.70) வேண்டும். கஷ்டம், ஆனால் நடக்கக்கூடியது. அதே 2.80 இரண்டாம் ஆண்டு முடிவிலும் தொடர்ந்தால் மீதி 60 கிரெடிட்டில் 3.80 தேவைப்படும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு தானே நின்றுவிடும்.

முதலாம் ஆண்டைக் கணக்கில் சேர்க்காத பீடங்களும், ரிப்பீட் பரீட்சைக்கு சி தரத்துக்கு மேல் கொடுக்காத பீடங்களும் உண்டு. உங்கள் கைநூலைப் பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள். சி மேல் எல்லையாக இருக்கும் இடத்தில், தயாராகாமல் பரீட்சைக்குப் போய் விழுவது பட்டத்தின் வகுப்பையே அசைக்கும். இது பல மாணவருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது.

திட்டம் போடுகிறார்கள், செய்ய நேரமில்லை என்கிறார்கள். உண்மையா, சாட்டா?

கூட்டிப் பாருங்கள். தகைமைகள் கட்டமைப்பின்படி கற்கும் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, சுயபடிப்பு, பரீட்சை ஆயத்தம் எல்லாம் சேர்த்து 50 மணித்தியால உழைப்பு. செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம். 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 50. இதற்கு மேல் சனி ஞாயிறு ரியூஷன் கொடுத்துக் காசு பார்க்கும் பிள்ளைக்குப் பத்து மணித்தியாலமும் பயணமும் போய்விடும்.

ஒரு கிழமை மட்டும், ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் அன்றைய மணித்தியாலங்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வழக்கமாக வெளிவருவது: விரிவுரைகளுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு மணித்தியால ஓட்டைகள். நூலகத்துக்குப் போக நேரம் போதாது, விடுதிக்குப் போய்வரவும் போதாது என்று கேன்டீனில் கழிந்தவை. அந்த ஓட்டைகளில் இரண்டை அடைத்தாலே திட்டத்துக்கு இடம் கிடைக்கும். உண்மையிலேயே இடமில்லை என்று எழுத்தில் தெரிந்தால், இலக்கைச் சிறிதாக்குங்கள். ரியூஷனை நிறுத்தச் சொல்லும் முன் அந்தக் காசு எங்கே போகிறது என்று கேளுங்கள். பல நேரம் அது தங்கச்சியின் பள்ளிக்கூடச் செலவாக இருக்கும். மகாபொல, பர்சரி உதவித்தொகை கைக்கு வந்துசேர மாதங்கள் ஆகும் காலத்தில் அதுதான் சாப்பாட்டுக் காசும்.

"எனக்கு எந்த அனுபவமும் இல்ல சேர்" என்பவரிடம் எதை எழுத வைப்பது?

இந்தக் கேள்வியில்தான் மலையகப் பின்னணி தெரிந்த விரிவுரையாளர் பெரிய உதவி செய்ய முடியும். கழகத் தலைவர், விவாத அணி, வங்கியில் இன்டர்ன்ஷிப் ஆகியவைதான் அனுபவம் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்த்து, இறுதியில் கணக்குக் காட்டியிருப்பார். காமன் கூத்துக்கு ஆள் சேர்த்து, ஒத்திகை வைத்து, சண்டை பிடித்த இரண்டு பேரைச் சமாதானப்படுத்தியிருப்பார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் விளக்கியிருப்பார், லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) பாதிப் பேருக்குப் பிரதேச செயலகப் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பார். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசிகசாலையில் இலவச வகுப்பு எடுத்திருப்பார். நிதி கையாளல், குழுவை நடத்தல், மொழிபெயர்ப்பு, கற்பித்தல் என்று வேலை கொடுப்போர் தேடுவது இவற்றைத்தான்.

ஆனால் தலைப்பை மட்டும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்: என்ன நிலைமை, என் பொறுப்பு எது, நான் என்ன செய்தேன், முடிவு என்ன. மூன்றாவது வரியில் "நாங்கள்" என்று வந்தால் திருப்பிக் கொடுங்கள். கூட்டமாகவே எல்லாம் செய்து பழகியவர்களுக்குத் "நான்" என்று எழுதக் கூச்சம் வரும். நேர்முகப் பரீட்சையில் அந்தக் கூச்சம்தான் ஆளைக் கவிழ்க்கும். சான்று இருந்தால் போட்டோவோ, கோயில் சபையின் கடிதமோ அப்போதே எடுத்து வைக்கட்டும். மூன்று வருடம் கழித்துத் தேடினால் செயலாளர் மாறியிருப்பார்.

தோட்டத்திலிருந்து வந்தவரா என்று கேட்கலாமா?

தனியாக, அவர் வாய் திறந்த பிறகு. குழுவில் வேண்டவே வேண்டாம். ஊர் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. நீங்களும் மலையகத்தவர் என்றால் உரிமையோடு "எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்?" என்று கேட்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து சதவீத ஒதுக்கீட்டிலும் வருகின்றன. "கோட்டாவில வந்ததுதானே" என்ற பேச்சை அந்தப் பிள்ளை ஏற்கெனவே கேட்டிருக்கலாம். உங்கள் கேள்வியையும் அந்தக் காதோடுதான் கேட்பார்.

வீட்டில் "சீக்கிரம் வேலைக்குப் போ" என்கிறார்கள். மூன்று வருடமா, நாலு வருடமா?

முடிவு அவருடையது, வீட்டாருடையது. உங்கள் வேலை இரண்டு பாதையின் விலையையும் மேசையில் வைப்பது. மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட், ஒரு வருடம் முன்பே சம்பளம். நாலு வருடச் சிறப்புப் பட்டம் ஆராய்ச்சிப் பக்கமும் விரிவுரையாளர் பக்கமும் போக வழியைத் திறந்து வைக்கும். அந்த ஒரு வருடத்துக்குக் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு தேவை, தம்பி தங்கை எந்த வகுப்பு, கடன் இருக்கிறதா என்று தொகையாகப் பேசினால் பல நேரம் பயம் குறைகிறது. சில நேரம் மூன்று வருடமே சரியென்று தெளிவாகிறது. அதையும் மதியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்பதற்காகச் சிறப்புப் பட்டத்துக்குத் தள்ளுவது உங்கள் ஆசை.

பெண் பிள்ளைகளின் திட்டத்தில் கலியாணப் பேச்சு ஒரு நிழலாக இருக்கும். நீங்கள் எடுக்க வேண்டாம். "இந்தத் திட்டத்தில வீட்டில ஒத்துக்கமாட்டாங்கன்னு நினைக்கிறது எது?" என்று கேட்டால் அவரே எடுப்பார்.

"எல்லாம் ஓகே சேர்" என்று மட்டும் சொல்பவரை என்ன செய்வது?

விரிவுரையாளர் முன்னால் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள். மேசைக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். நடுவே கடதாசி இருக்கட்டும், பார்வை அதில் இருந்தால் பேச்சு வரும். கேள்வி கேட்டபின் பத்து செக்கன் வாயை மூடிக்கொண்டு இருங்கள். கஷ்டமாக இருக்கும். அதற்குப் பிறகும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த திகதியைக் குறித்து அனுப்புங்கள். இரண்டாவது முறையும் நீங்கள் அங்கே இருப்பதைப் பார்த்த பிறகுதான் சிலர் பேசுவார்கள்.

பெரிய பிரச்சினை வெளிவந்தால்?

கேளுங்கள், தீர்க்க முயலாதீர்கள். பேச்சின் தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது நமக்குள்ள. ஆனா உங்களுக்கோ வேறொருத்தருக்கோ ஆபத்து இருந்தா நான் ஒருத்தரிடம் சொல்ல வேண்டி வரும்." முடிவில் இதைச் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும்.

பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அதைத் தனிப்பட்ட ஆலோசனையாக முடித்துவிட முடியாது. மாணவரோடு பேசி, பீடத்தின் மாணவர் ஆலோசகருக்குக் கொண்டுபோக வேண்டும். தற்கொலை எண்ணத்தின் சாடை தெரிந்தால் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியே அனுப்பாமல் ஆலோசகரிடமோ சுகாதார நிலையத்துக்கோ கூடவே போங்கள். இரவென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழில் பேச ஆள் கிடைக்கும்வரை நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

சந்திப்பு எதுவாயினும் திணைக்களத்துக்குள், பகலில், கதவு திறந்தபடி. வீட்டில் வேண்டாம்.

இதற்குப் புள்ளி போடலாமா?

உள்ளடக்கத்துக்குக் கூடாது. புள்ளி இருக்கிறதென்றால் மாணவர் தன் பலவீனத்தை எழுதமாட்டார், உங்களுக்குப் பிடித்த பலவீனத்தை எழுதுவார்: "நான் அளவுக்கு மீறி முழுமையை எதிர்பார்க்கிறேன்" என்ற வகை. பாடத்திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் செய்தார், செய்யவில்லை என்று இரண்டே நிலை. சந்திப்புக்கு வந்தாரா, இலக்கைத் திருத்தி எழுதினாரா, ஒரு சான்றாவது இணைத்தாரா என்று பாருங்கள்.

மீள்நோக்குக் குறிப்புக்கு கிப்ஸ் 1988இல் முன்வைத்த ஆறு படிச் சுழற்சியைப் பலர் கொடுக்கிறார்கள். தாதியர், ஆசிரியர் பயிற்சிக்கு அது சரி. முதலாம் ஆண்டுக்கு ஆறு படி அதிகம், ஒரே விஷயத்தை ஆறு தடவை எழுதிவிடுவார்கள். என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த தடவை எதை மாற்றுவேன் என்ற மூன்றும் போதும்.

இணையத்தில் வைத்துக்கொள்ளலாமா? வாட்ஸ்அப்?

விடுமுறையில் லயத்தில் இருக்கும் பிள்ளைக்கு சூம் அழைப்பு வைத்தால், சிக்னலுக்காக அவர் ரோட்டுக்கோ மேட்டுக்கோ ஏறி நின்று, போகிற வருகிற ஆளுக்கு முன்னால் தன் குறையைப் பேச வேண்டியிருக்கும். முதல் இரண்டு சந்திப்பும் நேரில் இருக்கட்டும். இடையில் நினைவூட்ட வாட்ஸ்அப் குரல் பதிவு நல்லது. டேட்டா குறைவு, சிக்னல் வரும்போது கேட்கலாம். ஆனால் தனி மாணவரின் இலக்கு, புள்ளி எதையும் பெச் குழுவில் போடக்கூடாது, பாராட்டாக இருந்தாலும்.

கோப்புக்கு 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். விரும்பினால் போட்டோ எடுத்து டிரைவில் சேமிக்கட்டும். மின்கோப்பு முறைமை வாங்கிப் பயிற்சி கொடுக்கும் பல்கலைக்கழகங்களில், முதல் மாதம் முழுக்கக் கடவுச்சொல் மறந்தவர்களோடு போய்விடும்.

இரண்டாவது சந்திப்பில் "ஒன்னும் செய்யல" என்கிறார். இப்போது?

முகத்தைச் சுளிக்க வேண்டாம், "பரவாயில்ல" என்று கடந்து போகவும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றது என்று தேடுங்கள். முதல் அடி பெரிதாக இருந்ததா? கூடச் செய்ய வந்த நண்பர் விலகினாரா? இலக்கே அவருடையதாக இல்லையா? கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி நடப்பது. முதற் சந்திப்பில் அவசரத்தில் நீங்கள் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அவர் கையெழுத்தில் இருக்கும். அந்த வரியை அவரே வெட்டட்டும், கீழே புதியதை எழுதட்டும். வெட்டியதை அழிக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போது, தோற்று எழுந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னால் அந்தப் பக்கம் உதவும்.

நான் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறேன். என் மாணவர்களை எப்படி ஒப்படைப்பது?

உதவி விரிவுரையாளர்கள் நடுவில் போவது வழக்கமாகிவிட்டதால் இதற்கு ஆரம்பத்திலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். கொப்பி மாணவரிடமே இருப்பது அதனால்தான். உங்களிடம் இருக்க வேண்டியது சந்திப்புக்கு மூன்று வரி: திகதி, ஒப்புக்கொண்ட அடுத்த வேலை, அடுத்த சந்திப்பு. குடும்பம், பணம், உடல்நலம் பற்றியவை அதில் வேண்டாம். புதிய ஆலோசகருக்கு அந்த மூன்று வரிகளை மட்டும் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் மாணவருக்குக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு பத்து நிமிடம் மூவரும் ஒன்றாக உட்காருங்கள். உங்களுக்குச் சொன்ன எதைப் புதியவருக்கும் சொல்வது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் மாணவர் தானே தீர்மானிப்பார்.